சந்தனப் பொட்டு வைத்த பேசும் புத்தகம்

விஜயதசமிக்கு மறுநாள் காலை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள், நூலகம் எங்களுக்கு இரவல் கொடுத்த ஒரு மெஷின். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். வயிற்றில்... உயிர் இல்லை.

உள்ளே போவதா, அப்படியே திரும்பிவிடுவதா?

‘ஆஞ்சநேயா, நீதான் துணை’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு படியேறினேன். செய்த காரியம் அப்படி.

நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருப்பவன் என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நூலகம் என்றால் ரிடையர் ஆனவர்கள் ஓசிப் பேப்பர் படிக்கிற இடம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கடைக்கும் அதற்கும் நடுவே நான்கே தெரு. ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

எட்டிப் பார்க்க வைத்தவர் என் மச்சான் நாச்சிமுத்து. என் மனைவி மரகதத்தின் அண்ணன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அஸ்ஸாம் வரை ஸ்டியரிங் பிடித்த கை. சர்க்கரை வந்து, கவனிக்காமல் விட்டு, இரண்டு கண்ணும் மங்கி, போன வருடத்தோடு பார்வை சுத்தமாகப் போய்விட்டது. அவருக்குக் குடும்பம் இல்லை. மரகதம் போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

வந்தவர் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எழவே இல்லை.

கோயிலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். டீக்கடைக்கு வரமாட்டார். வாசல்படிக்குக்கூட வரமாட்டார். லாரிக்காரர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. “அஸ்ஸாம் ரோட்டுல வண்டி ஓட்டுனவன் செவுத்தத் தடவிட்டுப் போறான்னு நாலு பேர் பாக்கோணுமா?” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. தினமும் விளக்கேற்றும்போது மரகதம் சாமியிடம் கேட்டது ஒன்றுதான். அண்ணன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானாக வாசல் தாண்ட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் சொன்னார், நூலகத்தில் பார்வையில்லாதவர்களுக்குப் பேசும் புத்தகம் தருகிறார்களாம் என்று. நம்பாமல்தான் போனேன்.

போனால்... அது நான் நினைத்த நூலகமே இல்லை!

வேப்பமரத்தடியில் இருபது பிள்ளைகள் அரசாங்கப் பரீட்சைக்கு மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு மூலையில் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து ஒரு அம்மா கதை சொல்கிறார். இன்னொரு மேஜையில், கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இருவர் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொள்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்களாம். எதற்கும் காசு இல்லை. யாரும் யாரையும் ‘நீ யார், என்ன ஜாதி, எவ்வளவு படித்தாய்’ என்று கேட்கவில்லை. அன்னதானக் கூடத்தில் நிற்பது போல இருந்தது எனக்கு. இங்கே சோறு மட்டும்தான் வேறு.

நூலகர் பிலோமினா மேடம், சேலத்துக்காரர். விவரம் கேட்டுவிட்டு டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷினைக் கொடுத்தார். பெரிய பெரிய பட்டன். விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். அமுக்கினால் ஒரு குரல் புத்தகத்தைப் படிக்கும். இருப்பதே இரண்டு மெஷின், பத்திரம் என்றார்.

பத்திரம்!

அன்று சாயங்காலம் மச்சான் வேண்டாவெறுப்பாகத்தான் பட்டனை அமுக்கினார். ஒரு பெண்ணின் குரல். அலட்டல் இல்லை, அழுகை இல்லை, வார்த்தை ஒவ்வொன்றும் நிறுத்தி, நிதானமாக. காணாமல் போன தங்கையைத் தேடி ஓர் அண்ணன் ஊர் ஊராக அலைகிற கதை. பத்து நிமிடத்தில் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மரகதம் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, இது மெட்ராஸ்ல படிச்சதில்லீங்க. நம்மூர்லதான் படிச்சிருக்காங்க.”

“எப்படிங்க மச்சான் சொல்றீங்க?”

“நடுவுல லாரி ஏர் ஹாரன் கேக்குது. அதுவுமில்லாம, இந்தக் கொரலை நான் எங்கியோ கேட்டிருக்கறன்.”

பாவம், சும்மாவே இருந்து இருந்து மனம் எதையோ பிடித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

கதை கடைசி அத்தியாயத்துக்கு வந்தது. அண்ணன் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறான். அதே நாள் ஆயுத பூஜையும் வந்தது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஸ்பேனரிலிருந்து டயர் வரை பொட்டில்லாமல் ஒன்றும் தப்பாது. நான் தையல் மெஷின், கத்திரிக்கோல், குத்தூசி எல்லாவற்றுக்கும் வைத்தேன். வீட்டுக்கு வந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கினேன். அப்போது கட்டில் மேல் அந்த மெஷின் கண்ணில் பட்டது. அதுவும் புத்தகம்தானே? இந்த வீட்டுக்கு நல்லது செய்த புத்தகம் அதுதானே? அதை வைக்காமல் வேறு எதை வைப்பது? எடுத்து நடுவில் வைத்துச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தெளித்தேன். தாராளமாகவே தெளித்தேன்.

தூங்கி எழுந்த மச்சான் கட்டிலைத் தடவினார். விஷயம் தெரிந்ததும் கெஞ்சினார்... கதவு தட்டற எடத்துல நிக்குதுங்க மாப்ளே, அரை மணி நேரம் குடுங்க என்றார். நான் விடவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடலாமா? மச்சான் அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

விஜயதசமி காலை கற்பூரம் காட்டி, பயபக்தியோடு எடுத்து அவர் மடியில் வைத்தேன். அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. மெஷினைச் சாய்த்தால் உள்ளிருந்து ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் வந்தது.

மச்சான் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷினைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மரகதம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இப்போது புரிகிறதா, நூலக வாசலில் நான் ஏன் அப்படி நின்றேன் என்று?

பிலோமினா மேடம் மெஷினை வாங்கிப் பார்த்தார். சிரிப்பாரோ, கத்துவாரோ என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கழுத்தில் சிலுவை டாலர் தொங்குகிறது. குங்குமம் பூசிய மெஷினை நீட்டுகிறோமே என்ற கூச்சம் வேறு. அவர் ஒரு துணியை எடுத்து, காயம்பட்ட குழந்தையைத் துடைப்பது போலச் சந்தனத்தைத் துடைத்தார்.

“நாங்களும் புதுசா எதை வாங்கினாலும் மாதா முன்னாடி வெச்சுட்டுத்தான் எடுப்போம்” என்றார். “தண்ணி மட்டும் தெளிக்க மாட்டோம்.”

ரிப்பேருக்கு அனுப்பினால் வர நாளாகுமாம். இன்னொரு மெஷின் வேறொருவர் வீட்டில். அதே கதையின் அச்சுப் புத்தகத்தைக் கொடுத்து, நீங்களே கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள் என்றார். வீட்டுக்கு ஓடினேன். மச்சான் அருகே உட்கார்ந்து எழுத்துக் கூட்டி ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் போகவில்லை.

“மாப்ளே, உங்களக் கையெடுத்துக் கும்புடறன், நிறுத்துங்க. நீங்க படிச்சா தார்ப்பாய்க்கு அளவு சொல்ற மாதிரியே இருக்குது.”

மறுபடி நூலகத்துக்கு ஓட்டம். நடந்ததைச் சொன்னேன். மேடம் சாவியை எடுத்தார். அப்புறம் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பழைய பேப்பர் கட்டி வைக்கும் அறை. சத்தத்தைத் தடுக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்குகிறது. நடுவில் ஒரு மேஜை, ஒரு மைக். அந்தப் பேசும் புத்தகங்களை எல்லாம் எங்கள் ஊர் ஆட்களே ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே உட்கார்ந்து படித்துப் பதிவு செய்கிறார்களாம்!

ஏர் ஹாரன்! மச்சான் சொன்னது சத்தியம்.

அந்தக் கதையைப் படித்த அம்மா இந்த ஞாயிறும் வருவார், மச்சானைக் கூட்டி வாருங்கள், நேரிலேயே படிக்கச் சொல்கிறேன் என்றார் மேடம். மச்சான் வெளியே வரமாட்டாரே, அந்த அம்மா வீட்டுக்கு வருவார்களா என்று கேட்டேன். மேடம் அசைந்துகொடுக்கவில்லை. இங்கேதான் படிப்பார் என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். மச்சான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மரகதம் என்னைக் கண்ணாலேயே அடக்கிவிட்டாள். வற்புறுத்தக் கூடாதாம்.

ஞாயிறு காலை ஒன்பதரை. நான் பூஜை அறையில் இருந்தேன். முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“ஏ மரகதம், என்ற வெள்ளச் சட்டை எங்க?”

மரகதம் ஓடினாள். நான் விளக்கைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைக் காலால் தேடித் தாண்டியபோது, மரகதம் பின்னால் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். நூலக வாசலில் இறங்கும்போது, அவர் எது நடக்கக் கூடாது என்று ஒரு வருடம் பயந்தாரோ, அதுவே நடந்தது. தெருவில் போன பழைய லாரி டிரைவர் ஒருவர் நின்றுவிட்டார்.

“அட... நாச்சிமுத்தண்ணனுங்களா?”

மச்சான் ஓர் அடி பின்வாங்கினார். திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

“நாந்தாம்ப்பா” என்றார். “கண்ணு போயிருச்சு. கத கேக்க வந்தன். நீ நல்லா இருக்கறயா?”

உள்ளே அவரைப் போலவே பார்வையில்லாதவர்கள் ஐந்தாறு பேர் பெஞ்சில் இருந்தார்கள். மேடம் கைபிடித்து உட்கார வைத்தார். எதிரே கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். “வாங்கண்ணா, சௌரியமா உக்காருங்க” என்றார்.

மச்சான் எழுந்தே விட்டார்.

“எடைமேடை!”

எல்லோரும் திகைத்துப் பார்த்தோம்.

“பைபாஸ் எடைமேடைல மைக்குல பேசற அம்மணிதான நீ? லோடு அதிகமா இருக்குதுங்கண்ணா, எறக்கிட்டு வாங்கன்னு என்னை எத்தன வாட்டி திருப்பி உட்டிருக்கற!”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெயர் செல்வி. ஆமாம், பதினைந்து வருடமாக லாரி எடைமேடையில்தான் வேலையாம். நாள் முழுக்க மைக்கில் வண்டி நம்பரும் எடையும் படிக்கிறவர்.

“எத்தனையோ வண்டிங்கண்ணா, உங்கள ஞாபகமில்லீங்க. சண்ட கட்டுனீங்களா?”

“கட்டாம? ஒவ்வொரு வாட்டியும்தான்.”

பெஞ்சே சிரித்தது. கட்டிலில் முடங்கிக் கிடந்த என் மச்சானும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

அப்புறம் செல்வி புத்தகத்தைப் பிரித்தார். அண்ணன் கதவைத் தட்டுகிற இடம். அறை அடங்கிவிட்டது. வெளியே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்கூட ஜன்னலோரம் வந்து நின்றார்கள். நம்பரும் எடையும் படிக்கிற அதே குரல்தான். அந்தக் குரலுக்குள் இத்தனையையும் வைத்த கடவுளை என்னவென்று சொல்ல? வாரம் ஆறு நாள் தூசியிலும் புகையிலும் உட்கார்ந்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், முகம் தெரியாத மனிதர்களுக்காக ஒருத்தி வந்து படிக்கிறாள். யாரும் மாலை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை. நான்கு தெரு தள்ளி இவ்வளவு நடக்கிறது. நான் எங்கெங்கோ கோபுரம் தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

அண்ணன் தங்கையைக் கண்டானா? அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரிலும் நூலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

இப்போது ஞாயிறு ஒன்பது மணிக்கே மச்சான் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நிற்கிறார். போன வாரம் பிலோமினா மேடத்திடமிருந்து போன் வந்தது. மெஷின் ரிப்பேராகி வந்துவிட்டதாம், வந்து வாங்கிக்கொள்ளலாமாம். மச்சானிடம் சொன்னேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“எனக்கு வேண்டாங்க மேடம். ஊட்ட உட்டு வெளியே வராத ஆளு வேற யாராச்சும் இருப்பாங்க, அவங்களுக்குக் குடுத்துருங்க.”

என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்.

“ஆனா அந்த ஊட்டுல பக்தியான மாப்ள யாராச்சும் இருக்கறாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க.”