தட்டியதற்கும் குத்தியதற்கும் நடுவில்

மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து முதன்முதலாக அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்னொரு பிள்ளை இவனை அடித்துவிட்டதாம். அடித்தது என்று எழுதினால் தீர்ந்தது. அது ‘ஷவ்’, அதாவது தள்ளியது, ‘ஸ்லாப்’ என்கிற அறை இல்லை, அதனால் இவன் ‘ஸ்டம்பிள்’ ஆனான், தடுமாறினானே தவிர விழவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருந்தார்கள். அடிக்கிற விதத்துக்கு ஒரு சொல், அடிபட்டவர் தள்ளாடுகிற விதத்துக்கு ஒரு சொல். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தேன். இப்போது அந்தச் சொற்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. லெஸ்டர் என்கிற இந்த ஆங்கிலேய ஊரில் போலீசுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்வது என் வேலை.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செல்வியைப் பார்த்தேன். நான் கீரமங்கலம், அவள் திருவரங்குளம், ஊரில் ஒரே பக்கத்துக்காரர்கள். இடது கண் வீங்கி மூடியிருந்தது, உதட்டில் தையல். பக்கத்தில் ஓர் இளம் பெண் போலீஸ். படியில் தடுக்கி விழுந்தாள் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். இவளும் அதையே சொன்னால், பிடித்துவைத்திருக்கும் அவனைச் சாயங்காலமே விட்டுவிடுவார்கள். அவனிருக்கும் வீட்டுக்குத்தான் இவளும் திரும்பவேண்டும்.

“என்ன நடந்துச்சு செல்வி?”

“கொழம்புல உப்பு கூடிருச்சுக்கா. கோவத்துல லேசாத் தட்டிட்டாக. மத்தபடி தங்கமான மனுசன்.”

கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும் என்பது எங்கள் விதி. லேசாகத் தட்டியதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘டாப்டு’ என்றேன். போலீஸ் அந்தக் கண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று முடிவுகட்டிய பார்வை அது.

எங்கள் பக்கத்தில் புருஷன் அடித்ததை அடித்தார் என்று ஒரு பெண்ணும் சொல்வதில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? தட்டுவார்கள், கை நீட்டுவார்கள், அவ்வளவுதான். கீரமங்கலம் பூச்சந்தையில் பட்டப்பகலில் ஒருவன் பெண்டாட்டியின் தலையை வேன் கதவில் மோதினான். அவள் சுழன்று, பூக்கூடைகள் மேல் சரிந்து, எழ முயன்று மறுபடி விழுந்தாள். மல்லிகையெல்லாம் ரத்தம். எடை போட்டவர்கள் எடை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளே எழுந்து, “ஒண்ணுமில்ல, தட்டிவிட்டாக” என்று சேலையை உதறினாள். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

“நடித்துக் காட்டச் சொல்லுங்கள்,” என்றாள் போலீஸ்.

செல்வி இறங்கி வந்து என்னைச் சுவரோரம் நிறுத்தினாள். “நீங்க நானு. நான் அவுக.” இடது கையால் என் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். வலது முஷ்டி மெதுவாக வந்து என் கண்ணருகே நின்றது. மறுபடி வந்தது, கொஞ்சம் வேகமாக. பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. முஷ்டி என் காதோரம் உரசிக்கொண்டு சுவரில் இறங்கியது, திரும்பத் திரும்ப இறங்கியது. போலீஸ் வந்து பிடித்தபோது அவள் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

செல்வி தன் கையையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு, முழங்கால் மடங்க மடங்க, கதவுப்பக்கம் போனாள். “இப்பிடித்தான் வாசல்வரைக்கும் போனேன். அங்கிட்டுருந்து முடியப் புடிச்சு இழுத்தாக.”

போலீஸ் எழுதியதை வாசித்தாள். பன்ச்டு, ரிபீட்டட்லி. ஸ்டாகர்டு. டிராக்டு பேக். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். குத்தினார், பல தடவை. நிலைகொள்ளாமல் தள்ளாடினாள். பின்னால் இழுத்தார்.

“ஆமாங்க,” என்றாள் செல்வி.

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து அவளைப் பெற்ற ஆத்தா. “நீங்க சொல்லுங்கக்கா, எனக்கு வாய் வரல,” என்று என்னிடம் நீட்டினாள். என் வேலையில் அது சேராது. ஆனாலும் வாங்கி, செல்வி ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொன்னேன்.

“மாப்ள எதும் கை நீட்டிட்டாரா? கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்கத்தா.”

“கை நீட்டலம்மா. குத்தியிருக்காரு. முடியப் புடிச்சுக்கிட்டு மூஞ்சியிலயே குத்தியிருக்காரு.”

ஆத்தாவின் குரல் தாழ்ந்தது. “மெதுவாப் பேசுங்க. இங்க பக்கத்துல ஆளுக இருக்காக.”

அங்கே காது கொடுக்கும் ஆட்கள், இங்கே பேனாவோடு போலீஸ். நடுவில் கைப்பேசியோடு நான். செல்வி அதை என் கையிலிருந்து வாங்கினாள். தையல் போட்ட வாயால் சத்தமாகச் சொன்னாள்:

“ஆளுகளும் கேக்கட்டும் ஆத்தா.”