சுவரொட்டியில் படித்த தமிழ்

தாம்பரத்துக்கு வந்த புதிதில் எனக்குத் தினமும் ஓர் அவமானம் காத்திருந்தது. பேருந்து நிலையத்தில் நின்று, "இந்த பஸ் சேலையூர் போகுமா?" என்று நல்ல தமிழில் கேட்பேன். பூ விற்கும் அக்கா ஏற இறங்கப் பார்ப்பார். "தமிழ்தானே பேசற? போர்டுலயும் தமிழ்தானே எழுதிக்கீது? கண்ணு அவுட்டா?" கண்ணுக்கு ஒன்றுமில்லை. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழச்சி நான், படித்ததெல்லாம் கன்னடம். சுரங்கத்தில் இறங்கிய அப்பாவும் கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். பி.யு.சி., இங்கே சொல்லும் பிளஸ் டூ, தேறியதும் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தவள். சுரங்கம் மூடியபின் கணவருக்கு மறைமலை நகரில் வேலை கிடைத்தது. தாய்மொழி பேசும் ஊருக்கு வந்து சேர்ந்தேன், எழுத்தறியாதவள் ஆனேன். தங்கவயலில் இதை வாசிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

மகள் ஷாலினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றது. "வீட்ல சொல்லிக் கொடுங்க. எழுதலைன்னா அடுத்த வருஷமும் ஒண்ணாவதுதான்" என்றார் தமிழ் மிஸ். என் பரம்பரையின் இரண்டாவது படிப்பாளி முதல் படியிலேயே உட்காருவதா? எழுத்து அட்டை ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினேன். கன்னடம் ஏறிய தலைக்குத் தமிழ் எழுத்து சீக்கிரம் பிடிபட்டது. அவளுக்கோ பாடப்புத்தகம் என்றாலே கொட்டாவி. அப்போதுதான் கேம்ப் ரோட்டுச் சுவர்கள் கண்ணில் பட்டன. பெரிய பெரிய எழுத்து, மேலே புகைப்படம், எல்லாம் இலவசம்: கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகள். எங்கள் ஊரிலும் மனிதர்கள் சாகிறார்கள். ஆனால் இவ்வளவு விளம்பரம் கிடையாது. பள்ளி விட்டு வரும்போது தாயும் மகளும் நின்று எழுத்துக்கூட்டி வாசிப்போம். செத்தவர்கள் தினமும் புதுப்பாடம் தந்தார்கள். "இவங்கல்லாம் யாரும்மா?" என்றாள் ஒருநாள். சாவைப் பற்றி அவளிடம் எப்படிப் பேசுவது? "பெரியவங்க. பெரியவங்களுக்கு இப்படித்தான் மரியாதை பண்ணுவாங்க" என்று சமாளித்தேன்.

சமாளித்ததன் பலன் தமிழ் மிஸ்ஸின் பிறந்தநாளில் வந்தது. பிள்ளைகள் வாழ்த்து அட்டை செய்தார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ஷாலினியின் அட்டையை நீட்டினார் மிஸ். மாலை போட்ட மிஸ்ஸின் படம். கீழே: கண்ணீர் அஞ்சலி. எங்கள் அன்பு மிஸ். இப்படிக்கு, வருந்தும் ஒன்றாம் வகுப்பு நண்பர்கள்.

"என்னங்க இது? நான் உயிரோடதானே இருக்கேன்?"

இரண்டு முறை வாசித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல மிஸ்" என்று வந்துவிட்டது.

"அதாங்க பேஜாரே! 'அம்மா'ன்னு எழுத வராத பொண்ணு, என்னைக் கொல்றதுக்கு மட்டும் தப்பில்லாம எழுதியிருக்கு."

"அப்போ ரெண்டாவது போயிடுவாளா?"

மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "போவா, போவா. பிரின்சிபால் பொறந்தநாளுக்கு மட்டும் லீவு போடச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் அந்தச் சுவரொட்டிகள் யாருக்கென்று ஷாலினியிடம் உள்ளதைச் சொன்னேன். அடுத்த சுவரொட்டியின் முன் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"நீ செத்தா எந்த ஊர்ல ஒட்டுவாங்க? இங்கயா, தங்கவயல்லயா?"

இங்கே ஒட்டினால் என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே தெரிந்தவர்களில் பாதிப்பேர் வேலை தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள்.

"ரெண்டு ஊர்லயும் ஒட்டுடி. அங்க கன்னடத்துல, கண்ணீர் அஞ்சலிக்குப் பதிலா 'பாவபூர்ண ஸ்ரத்தாஞ்சலி'ன்னு போடணும். உனக்கு வராது, நானே எழுதி வெச்சிட்டுப் போறேன். தமிழ நீ பாத்துக்கோ."