ஹவுஸ், ஹோம், ஒரு கொலனி வீடு

வீடு என்றால் வீடு. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும்வரை அந்தச் சொல்லில் எனக்கு ஒரு சிக்கலும் இருந்ததில்லை. எங்கள் ஆங்கில ரீச்சர்தான் ஒருநாள் ஹவுஸ், ஹோம், டுவெலிங், ரெசிடென்ஸ், அபோட் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னா. வகுப்பே உயர்த்தியது.

"ரெசிடென்ஸ் பெரிய துரைமாருக்கு. டுவெலிங் கோட்டு வழக்குக் கடதாசியில வரும். அபோட் பாட்டில மட்டுந்தான், சந்தையில சொன்னியளெண்டால் சிரிப்பினம். ஹவுஸை ஆரும் கட்டலாம், ஆரும் விக்கலாம். நீங்கள் நேரம் செண்டு போனால் ஆரேன் வாசலில நிண்டு ஏசுவினமெண்டால், அதுதான் ஹோம்."

அன்று பின்னேரம் நான் வேண்டுமென்றே பிந்திப் போனேன். அம்மா படலையில் நின்று வாய் ஓயாமல் ஏசினா. பாடம் சரிதான் என்று எனக்கு வலு சந்தோஷம்.

அந்த வருடந்தான் அப்பாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு வெளியே, முரசுமோட்டைப் பக்கம், காடு வெட்டிக் குடியேறுகிறவர்களுக்கென்று பிரித்த கொலனிக் காணி கிடைத்தது. ஆயுள் முழுக்க ஊரான் காணியில் புகையிலை நட்ட மனிதர். காணியோடு அரசாங்கம் இரண்டு அறையும் ஒரு குசினியுமாக வீடும் கட்டிக் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: குடும்பம் அங்கேயே இருக்க வேண்டும். ஆளில்லாத காணியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பமோ அங்கே போகிற நிலையில் இல்லை. அண்ணனுக்கு எஸ்.எஸ்.சி. சோதினை, அவனுக்குச் சமைத்துப்போட அம்மா வேண்டும். அப்பாவுக்குப் புகையிலையையும் விட மனமில்லை, நெல்லையும் விட மனமில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மிஞ்சியது நான். பொம்பிளைப் பிள்ளை, எட்டாம் வகுப்பு முடித்தவள், சமைக்கத் தெரிந்தவள். குடும்பம் என்று காட்டுவதற்கு அது போதும் என்று முடிவாயிற்று.

"ஒரு வருசந்தான் பிள்ளை," என்றார் அப்பா. "அண்ணன்ர சோதினை முடிய அம்மா இஞ்ச வந்திடுவா. தை பிறக்க நீ திரும்பிப் போய் பெரியம்மா வீட்டில நிண்டு படி."

தை மாதம்வரை எனக்கு இடம் வைத்திருப்பதாக ரீச்சரும் சொல்லியிருந்தா. நானும் ஒருநாள் ரீச்சராக வேண்டும். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் லொறியில் ஏறினேன்.

அப்பா மாதத்தில் பாதி நாள் யாழ்ப்பாணத்தில் நிற்பார். இரவில் எனக்குத் துணையாகப் பக்கத்துக் காணி அக்கா வந்து படுப்பா. பகலில் நானும் வயலும் தவளைகளுந்தான். அப்பா எனக்கு இட்ட கட்டளை ஒன்று: காலையும் மாலையும் அடுப்பு எரிய வேண்டும். பழஞ்சோறு தின்றாலும் எரிய வேண்டும். காணிகளைப் பார்வையிட வாய்க்கால் கட்டின் மேலால் ஜீப்பில் போகிற அதிகாரி, கொலனி ஐயா, தூரத்திலேயே புகையைப் பார்த்து, ஆள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வாராம். ஒன்றுமே வேகாத அடுப்பை ஊதி ஊதி என் கண் எரிந்தது. கோபத்தில் ஈர விறகாகப் பார்த்து வைப்பேன், நன்றாகப் புகையட்டும் என்று.

மழை தொடங்கியதும் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை தண்ணீருக்குள் போய்விட்டது. நாலு பக்கமும் வெட்டவெளி. போவதற்கு மட்டும் ஓரிடமில்லை. வாய்க்காலில் குளித்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பி வருவேன். ஏன் பிந்தினாய் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ரீச்சரின் கணக்குப்படி அது ஹவுஸ். நான் அதற்குக் காவல். அழுகை வரும். ஆங்கில வாசிப்புப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன்.

மார்கழியில் ஒருநாள், அப்பா இல்லாத நேரம் பார்த்து, கொலனி ஐயா வந்துவிட்டார். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சேற்றில் நடந்து வந்தார். பக்கத்து அக்கா என்னோடு வாசலில் இருந்து நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தா.

"காணிக்காரர் எங்க?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டா. "பிள்ளையின்ர தேப்பன் ஊருக்குப் போட்டார் ஐயா. நாளையிண்டைக்கு வந்திடுவார்."

"ஊருக்கோ?" அவர் மெதுவாகத்தான் கேட்டார். "அப்ப இது என்ன? சத்திரமோ?"

அக்காவின் சுளகு நின்றுவிட்டது. கொலனியில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அங்கேயே உழுது அங்கேயே விதைத்தாலும், ஊர் என்றால் யாழ்ப்பாணந்தான். அதை அவர் முன்னால் சொல்லக்கூடாது என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தார். எல்லாம் என்னுடையவை. பிறகு கதிரையில் கிடந்த என் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "ஆர் இது படிக்கிறது?" என்றார்.

"நான்தான் ஐயா."

அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். என்னைச் சோதிக்கவா, அக்காவுக்கு விளங்காமல் இருக்கவா, தெரியாது. "இஸ் திஸ் யுவர் ஹோம்?"

இத்தனை மாதங்களில் யாரும் என்னிடம் கேட்ட ஒரே ஆங்கிலக் கேள்வி அது. சரியான பதில் எனக்குத் தெரியும். இது எங்கள் ஹவுஸ், ஹோம் யாழ்ப்பாணத்தில் என்று சொன்னால் போதும். காணி போய்விடும். தை பிறக்க நான் நிச்சயம் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

சொல்ல வாய் எடுத்தேன். வரம்பில் அப்பா வைத்துவிட்டுப் போன மண்வெட்டி கண்ணில் பட்டது. அந்த மனிதர் குளிர்காய்ச்சலோடு நடுங்கி நடுங்கிக் காடு வெட்டியவர். முதல் நாற்று முளைத்தபோது, அது தன் காணியில் முளைத்தது என்பதற்காகவே, பக்கத்தில் குந்தியிருந்து அரை நாள் பார்த்தவர். அவர்மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனாலும் அதை அவரிடமிருந்து பிடுங்க என்னால் முடியவில்லை.

"யெஸ் சேர்," என்றேன். "திஸ் இஸ் அவர் ஹோம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல ஆங்கிலம் என்று புகழ்ந்தார். அப்பா திரும்பி வந்ததும் தன் கந்தோருக்குக் கூப்பிட்டு, "உம்மட மகளுக்காகத்தான் காணியை விட்டு வைச்சிருக்கிறன். நான் எப்ப வந்தாலும் அவ இஞ்ச நிக்கவேணும்," என்று சொல்லி அனுப்பினாராம். அப்பா அதைப் பதக்கம் வாங்கியவர்போல வந்து சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அதையும் ஆங்கிலத்தில் செய்திருந்தேன்.

தை பிறந்தது. அம்மாவும் அண்ணனும் பொங்கலுக்கு வந்தார்கள். அண்ணன் சோதினையில் தவறிவிடுவான் போலிருக்கிறதாம்; இன்னொரு முறை எடுக்க வேண்டுமாம்; அம்மா அவனோடு நிற்க வேண்டுமாம். என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவரும் கதை எடுக்கவில்லை. நானே எடுத்தேன்.

"அந்த ஐயா உன்னைத்தானே கேட்டவர்," என்றா அம்மா. "நீ போனால் காணி போயிடும் பிள்ளை."

மறுநாள் பின்னேரம், அம்மாவையும் அண்ணனையும் பஸ் ஏற்றிவிட, அப்பாவின் சைக்கிளில் மூட்டையைக் கட்டினார்கள். பரந்தனில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அம்மா என் தலையைத் தடவினா. அவ கண் கலங்கியிருந்ததையும் நான் கண்டேன்.

"நேரம் செண்டு போச்சு," என்றா. "நாங்கள் வீட்ட போயிட்டு வாறம், பிள்ளை."

"ஓம், போயிட்டு வாங்கோ," என்றேன்.

அவர்கள் வாய்க்கால் கட்டில் ஏறும்வரை வாசலில் நின்றேன். பிறகு பொழுதுபட்டுவிட்டதென்று உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.