கை நனைக்காமல் எழுந்தோம்

2004, தை மாதத்து ஞாயிறு. காலை ஒன்பதே காலுக்கு பனியன் நகரத்து ராயபுரத்திலிருந்து அண்ணனின் டாடா சுமோவில் கிளம்பினோம். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் மகளுக்குப் பொருந்தி வந்த ஒரு மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கப் போகிறோம். பையன் காங்கேயத்தில் கல்லூரி ஆசிரியர். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அவனுக்கு வேறு இடத்திலாவது பெண் அமையட்டும்.

நல்லூரைத் தாண்டவே அரை மணி. காங்கேயம் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்பி ஆறு கிலோமீட்டர் போனால் நொய்யல் பாலம். ஆறு அன்றைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. நாற்றம் தாங்காமல் அண்ணன் கண்ணாடியை ஏற்றினார். அவருக்கு ஒரு சாயப்பட்டறையில் பங்கு உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பத்தரைக்கு ஊர். மாப்பிள்ளையின் அப்பா வயலைக் காட்டினார். ஆற்று வாய்க்கால் பாய்ந்த நாலு ஏக்கர் பள்ளக்கால், தாழ்வான நஞ்சை. ஒரு காலத்தில் இரண்டு போகம் நெல், ஓரமெல்லாம் கோரை.

"வருசம் பூரா ஈரம் காயாதுங்க. ஏர் மாடு சேத்துல மாட்டிக்குமுங்க. இப்பவும் ஈரந்தானுங்க, புல்லுதான் மொளைக்கறதில்லீங்க."

மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சீமைக்கருவேலம் மட்டும் செழித்திருந்தது.

வீடு எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்து வழக்கப்படி, சம்பந்தத்துக்குச் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம், அதாவது சாப்பிடுவோம். அண்ணன் தலையாட்டினார். பன்னிரண்டு மணிக்கு இலை போட்டார்கள். பையனின் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வருவதற்குள் அண்ணி கை கழுவப் புழக்கடைக் குழாய்க்குப் போய்விட்டார். சோப்பு எவ்வளவு தேய்த்தும் நுரைக்கவில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினார். உள்ளே வந்து அண்ணன் காதில் சொன்னார்.

"இந்தத் தண்ணீல எம் புள்ள எப்படிங்க குளிக்கும்?" என்றார் அண்ணன்.

"குடிக்க, சமைக்க லாரித் தண்ணி வாங்கறமுங்க. குளிக்கறதுக்கும் வேணா வாங்கிக்கலாமுங்க," என்றார் அந்த அம்மா. கையில் சாதக் கரண்டி அப்படியே நின்றது.

பையனின் அப்பா மெதுவாகச் சொன்னார்: "உங்க பட்டறையும் மேக்கால, இதே ஆத்தோரந்தானுங்களே."

அவர் சத்தம்கூடப் போடவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் இலையைத் தூக்கி எறிந்திருப்பேன். அண்ணன் எழுந்து செருப்பைத் தேடினார். வெட்கங்கெட்ட நானும் பின்னாலேயே எழுந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வந்ததற்கு இன்றும் என்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

திரும்பும்போதும் அதே பாலம். அண்ணன் மறுபடி கண்ணாடியை ஏற்றினார்.

"ஆத்துல கீழ்ப்பக்கம் எதும் வேண்டாங் கண்ணு. நல்ல தண்ணி இருக்கற ஊராப் பாரு," என்றார் என்னிடம்.

"நீங்க உட்டு வெச்ச ஊரு எதுங்ண்ணா?" என்று கேட்டேன்.

ராயபுரம் வரும் வரை அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை.