மலர் அக்காவின்ர குளிசையும் பங்கு ஆடும்

மருந்து டெலிவரிகாரனை எல்லா வீட்டிலயும் பாத்துக்கொண்டிருப்பினம், ஆனா வந்தாப் பிறகு ஒருத்தரும் சந்தோசப்படமாட்டினம். பீட்சா கொண்டு போறவனுக்குக் கிடைக்கிற சிரிப்பில காவாசி எனக்குக் கிடைச்சதில்லை.

இஞ்ச சொல்லுறது ஒவ்வொரு சொல்லும் மெய். பொய்யெண்டால் என்ர கார் கொட்டுற சினோப் பனியில மல்வேர்ன் றோட்டில நிண்டு போகட்டும். சும்மாவும் நிக்கிறதுதான். அது பற்றரியின்ர குற்றம், என்ர இல்லை. எனக்குப் படிப்புக் குறைவு. மருந்தின்ர பேரை வாசிக்கப் போனால் நாக்குச் சுளுக்கிப்போகும், பையில ஒட்டியிருக்கிற அட்ரஸை மட்டும் வாசிப்பன். ஆனா பாமசிக் கவுண்டரில விலையைக் கேட்டு நெஞ்சில கை வைச்ச சனமே, உங்களுக்கு இந்தக் கதை விளங்கும்.

முதலாளியின்ர பெருமூச்சு

வெக்ஸ்போர்ட்டில ராசன் அண்ணை ஒரு ரேக்அவுட் கடை வைச்சிருக்கிறார். கொத்து, றோல்ஸ், இடியப்பம். அந்த இடியப்பத்துக்கு எங்கெங்கயோ இருந்தெல்லாம் சனம் வரும். பிழியிறது மலர் அக்கா. அவவுக்கு மூட்டுவாதம். முந்தி விடிய எழும்பினால் விரல் மடங்காது, பல்லு மினுக்க பிரஷ் பிடிக்க ஏலாது. பேந்துதான் டொக்டர் இந்தக் குளிசையைக் குடுத்தவர். இப்ப இடியப்ப உரலைப் பிடிச்சு அமத்தினால் நூல் மாதிரி இறங்கும்.

குளிசை தங்கம். விலையும் தங்கம்தான். மலர் அக்கா தன்ர சம்பளத்தில வாங்கவே ஏலாது. ராசன் அண்ணை வேலை ஆக்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைச்சிருக்கிறார், அதுதான் குடுக்குது. சும்மா குடுப்பினமோ? வருசா வருசம் புதுப்பிக்கேக்க அந்தக் காசை முதலாளியின்ர தலையில ஏத்துவினம். சின்னக் கடை, ஒரு ஆளின்ர குளிசையே முழுக் கணக்கையும் தூக்கிப்போடும். இந்த முறை ஏஜென்ட் போன் எடுத்து, மருந்துப் பகுதியை வெட்டுங்கோ, இல்லாட்டி உங்களுக்குக் கட்டுப்படியாகாது எண்டு சொல்லிப்போட்டான். ராசன் அண்ணை மலர் அக்காவுக்கு முன்னால ஒண்டும் காட்டேல்லை. என்னைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார்: "தம்பி, உந்தப் பையில நீ மருந்து கொண்டு வாறியோ, என்ர கடையின்ர பாதியைக் கொண்டு போறியோ?"

பிஸ்கற் ரின்

அதே கிழமை மல்வேர்னில ஒரு மாடி வீட்டுக்கு மருந்து கொண்டு போனன். பரமேஸ் அன்ரி கதவைத் திறந்தா. உள்ளுக்க நாலைஞ்சு அன்ரிமார், நடுவில ஒரு பிஸ்கற் ரின், அதுக்குள்ள கலர் கலராக் குளிசை. ஆருக்குக் கால் உளைஞ்சாலும் அதுக்குள்ள கையை விட்டு ஒண்டை எடுக்கிறது. வெள்ளை காலுக்கு, மஞ்சள் தலைக்கு, றோஸ் மனத்துக்கு.

உடன எங்கட பாமசியில மருந்து குடுக்கிற பிள்ளை தர்ஷினிக்குப் போன் போட்டன். அவள் இஞ்ச பிறந்த பிள்ளை, ஆனா தமிழில ஏசினால் காது கிழியும். ஸ்பீக்கரில விட்டு எல்லாருக்கும் ஏசினாள். ரின்னை நான் காருக்குக் கொண்டு வந்திட்டன், வெறும் ரின்னைத் திருப்பிக் கொண்டு வா எண்டு அன்ரி கறாராச் சொன்னா. வாசல் மட்டும் வந்து மற்றதையும் சொன்னா: "ஊரில பத்துக் குடும்பம் காசு சேர்த்து ஒரு ஆட்டை வெட்டிப் பங்கு போட்டனாங்கள், ஈரலுக்குத்தான் அடிபாடு. குளிசைக்கு மட்டும் உவளுக்கு என்ன கோவம்?"

கடைசி விலை சொல்லுங்கோ

இதை நான் ராசன் அண்ணைக்குப் பகிடியாச் சொன்னன். மனுசன் சிரிக்கேல்லை. யோசிச்சார்.

அடுத்த நாள் பாமசிக்குள்ள வாறார், தனிய இல்லை. பக்கத்துப் பேக்கரி முதலாளி, மீன் கடை முதலாளி, சலூன் முதலாளி, எல்லாரும் வரிசையா. "பிள்ளை, நாங்கள் நாலு கடை ஒண்டாச் சேர்ந்து வந்திருக்கிறம். எங்கட வேலை ஆக்களின்ர மருந்து எல்லாம் இனி இஞ்சதான். கடைசி விலை சொல்லுங்கோ" எண்டார். மீன் கடைக்காரர் தர்ஷினியைப் பாத்த பார்வை, செத்த மீனின்ர செவுளைத் தூக்கிப் பாக்கிற பார்வை.

தர்ஷினிக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. "சொறி அங்கிள், விலை நான் வைக்கிறேல்லை. நீங்கள் நாலு கடை. இந்த நாட்டு மாகாண அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மேசையில இருந்து மருந்துக் கொம்பனியளோட பேரம் பேசுது. மலர் அக்காவின்ர குளிசையைச் செய்யிற உரிமை இப்ப ஒரு கொம்பனிக்குத்தான் இருக்கு. அது முடிஞ்சு மற்றக் கொம்பனியளும் செய்யத் தொடங்கினால் எல்லா மாகாணமும் சேர்ந்து விலையை இறக்கும். இறங்கினால் அரசாங்கத்துக்கு மட்டுமில்லை, உங்கட கடை இன்சூரன்ஸும் அந்த விலைதான் குடுக்கும். கொஞ்சம் வெயிற் பண்ணுங்கோ" எண்டாள்.

ராசன் அண்ணை கேட்டார்: "அப்ப எங்களையும் பங்கில சேர்த்தாச்சு. ஆட்டை எப்ப வெட்டுவினம்?"

மொத்த இடியப்பம்

ஆடு லேசில அம்பிடேல்லை. புதுப்பிக்கிற நாள் கிட்ட வர வர ராசன் அண்ணையின்ர முகம் தொங்கிச்சுது. அதுக்கிடையில இடியப்பமும் தொங்கத் தொடங்கிச்சுது. கயிறு மாதிரி மொத்தம் மொத்தமா, அறுந்து அறுந்து. ஒரு கஸ்டமர், "அண்ணை, இது இடியப்பமோ, நூடில்ஸோ?" எண்டு கேட்டே போட்டான்.

நான் மருந்து குடுக்கப் போனால் மலர் அக்காவின்ர விரல் வீங்கிக் கிடக்குது. என்னக்கா எண்டன். சொல்லமாட்டன் எண்டா. நான் விடுற ஆளோ? கடைசியில சொன்னா. இன்சூரன்ஸ் வெட்டப் போயினம் எண்டு அவவின்ர காதில விழுந்திருக்கு. அதால ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுறாவாம், மிச்சத்தை அரிசி வாளிக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறாவாம். "ஊரில சண்டை நேரம், சாமான் வராத தடைக் காலத்தில, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தையே துண்டு துண்டா வெட்டி வைச்சுப் பாவிச்ச ஆக்கள் நாங்கள், இது எம்மாத்திரம்?" எண்டு எனக்கே நியாயம் சொல்லுறா.

ராசன் அண்ணை பின்னால நிண்டு எல்லாம் கேட்டிருக்கிறார். அடுப்பை நிப்பாட்டினார், வெளியில போனார், ஏஜென்டுக்குப் போன் எடுத்தார், கண் சிவக்கத் திரும்பி வந்தார். வந்து எல்லாருக்கும் கேக்கக் கத்தினார்: "இன்சூரன்ஸில பல்லையும் கண்ணாடியையும் வெட்டச் சொல்லிட்டன், மருந்து இருக்கு! இந்த வருசம் ஒருத்தனும் எனக்குப் பல்லுக்குத்து எண்டு சொல்லப்படாது! மலர், நீ அந்த வாளியை இப்பவே கிண்டு!"

நிறம் மாறின குளிசை

அந்த வருசம் முடிய முந்தியே மற்றக் கொம்பனியள் செய்யத் தொடங்கிட்டுது. மாகாணங்களின்ர பேரமும் முடிஞ்சுது. பையைத் தரேக்க தர்ஷினி கண்ணடிச்சாள். நான் சிவப்பு லைற்றில நிண்டு ஸ்ரெயறிங்கில தாளம் போட்டன்.

மலர் அக்கா பையைத் திறந்தா, மூடினா. "உது டூப்பு. என்ர குளிசை வெள்ளை, இது நீலம். விலை குறைஞ்சால் வேலையும் குறையும், கொண்டு போ!" திரும்பவும் தர்ஷினி ஸ்பீக்கரில. உள்ளுக்க இருக்கிறது அதே மருந்துதான், பெட்டியும் நிறமும்தான் வேற எண்டு அவள் பொறுமையா மூண்டு தரம் சொன்னாள். நாலாந்தரம் ஏசினாள். ஏச்சுக் கேட்டாப் பிறகுதான் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு மாசம் கழிச்சுப் போனன். உரலை அமத்துறா, நூல் மாதிரி இறங்குது. விரலை ஒருக்கா மடக்கி நிமித்தி எனக்குக் காட்டினா. பிறகு அதே கையால தன்ர கண்ணைத் துடைச்சா, வெங்காயம் எண்டா. அங்க வெங்காயம் உரிக்கவே இல்லை. ராசன் அண்ணைக்கு ஏஜென்ட் போன் எடுத்திருக்கிறான்: இந்த முறை ஏத்தேல்லை, பல்லையும் கண்ணாடியையும் திரும்பப் போடலாம். கவுண்டரில வேலை செய்யிற பெடியன் அண்டைக்கே பல்லைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். ராசன் அண்ணை பெரிய மூச்சொண்டு விட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணி தந்து, காதுக்குள்ள கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இவ்வளவு பெரிய ஆடு வெட்டினவை, ஈரல் ஆருக்குப் போனது?"

நாலு முதலாளி போய்க் கேட்டால் சிரிப்பு வருது, நாடே சேர்ந்து கேட்டால் மலர் அக்காவின்ர விரல் மடங்குது, இவ்வளவுதான் எனக்கு விளங்கின அரசியல். இனிக் கதை சொன்ன கூலியை எடுங்கோ: கேட்ட ஒவ்வொருத்தரும் எனக்கு ஒரு மட்டன் றோல்ஸ் தரவேணும், தனியத் தர வசதியில்லாட்டிப் பங்கு போட்டுத் தாங்கோ, ஆனா ஈரல் எனக்கு.