மூட்டைக்குள் கூவிய சேவல்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் எல்லோரும் நெல் போட்டுக்கொண்டிருந்த ஒரு தை மாதத்தில் நடந்தது இது. செல்போனுக்கு வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் மொத்தம் இரண்டே செல்போன். ஒன்று பஞ்சாயத்துத் தலைவரிடம், இன்னொன்று என்னிடம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் கணவர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். போய் நான்கு வருடம். நடுவில் ஒரே ஒருமுறை வந்தபோது கொண்டுவந்து கொடுத்த போன் அது. அழைப்பு வந்தால் சேவல் கூவுகிற மாதிரி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வயலில் நின்றாலும் எனக்குக் கேட்கவேண்டுமாம். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் முகம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. போன் கூவினால், "அம்மா, அப்பா கூவுது" என்று எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். சிரிப்பேன். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

அந்தத் தையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அங்கே சொந்தமாகப் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறையில், கார்டு வாங்கி, பூத்தில் வரிசையில் நின்று பேசவேண்டும். நான் கூப்பிட வழியே இல்லை. மூன்று வாரமாக அவர் கேட்டார், மூன்று வாரமாக நானும் "உங்க இஷ்டம்" என்றே சொன்னேன். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். துபாய்ப் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுக்கவேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. "வந்துடுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியாகப் பேசும்போது அவர், "சனிக்கிழமை காலைல கையெழுத்து. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் பண்றேன். ஒரு முடிவு சொல்லு" என்றார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று நானும் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் போனைக் காணோம்.

அன்று பகல் முழுவதும் கொள்முதல் நிலையத்தில்தான் இருந்தேன். எங்கள் நெல்லைத் தூற்றி, எடைபோட்டு, சாக்கில் பிடித்து, தைத்து, மற்ற மூட்டைகளோடு அட்டியாக அடுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இடுப்பு மடியைத் தடவினால் வெறும் புடவைதான் இருந்தது. மகள், "அப்பாவைத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். டீக்கடைக்கு ஓடி ஒரு ரூபாய் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். ரிங் போனது. ஆனால் யாரும் எடுக்கவில்லை. பத்துத் தடவை அடித்தேன். எவனோ எடுத்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியார் உடனே, தொலைந்த பொருளைக் காட்டிக்கொடுக்கும் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வேண்டிக்கொண்டார். அதோடு விடாமல், அடுத்த தெருவில் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடமும் என்னை இழுத்துக்கொண்டு போனார். அவர் வெற்றிலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "செவப்புத் துண்டு தெரியுது" என்றார். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர் தலையிலும் சிவப்புத் துண்டு. இந்தக் குழப்பத்தை மைக்காரர் சொல்லவில்லை. ஆனாலும் நான் அசரவில்லை. முதல் நாள், "அக்கா, குடுங்களேன், ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்" என்று போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. நேராக அவரிடம் போய் நின்றேன்.

"மரியாதையா எடுத்துக் குடுத்துடு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். சொல்லமாட்டேன் என்று நான் சொன்னது அந்த நிலையம் முழுக்கக் கேட்டது.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். அதில் ஒரு பீடிக்கட்டும் கோணி ஊசியும் இருந்தன. "வேற எங்கக்கா தேடணும், சொல்லுங்க" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிதானமாகக் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நன்னிலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நன்னிலத்தில் எங்களுக்கு ரீசார்ஜ் செய்து தருகிற கடைக்காரரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். விஷயத்தைச் சொன்னதும், "ஒவ்வொரு போனுக்கும் பதினஞ்சு இலக்கத்துல ஒரு நம்பர் உண்டு தங்கச்சி. அது இருந்தா போலீஸ்ல குடுக்கலாம்" என்றார்.

"அத எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

"போன்ல ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் அடிச்சா தன்னால வரும்."

போனே இல்லை என்றுதானே வந்திருக்கிறேன் என்று அவரைப் பார்த்தேன். அவருக்கும் உறைத்துவிட்டது. போன் வந்த அட்டைப்பெட்டியிலும் ஒட்டியிருக்குமே என்றார். அந்தப் பெட்டியில் மாமியார் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. நம்பர் இருந்த இடத்தில் இப்போது சுண்ணாம்புதான் இருக்கிறது.

பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். கடை போனிலிருந்து என் நம்பரை அடித்துக் காதில் வைத்துக் கேட்டார். "தங்கச்சி, திருடுனவன் மொதல்ல சிம்மைக் கழட்டிப் போட்டுடுவான். ராத்திரி தாண்டியும் ரிங் போவுதுன்னா யாரும் எடுக்கல. நீங்கதான் எங்கயோ போட்டிருக்கீங்க. நேத்து எங்கெங்க போனீங்களோ அங்கெல்லாம் போங்க. நான் இங்கேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன். பன்னெண்டே காலுக்கு ஜும்மாவுக்குக் கெளம்பணும், அதுவரைக்கும்தான்."

காலையில் அந்த மனிதரிடம் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கொள்முதல் நிலைய வாசலில் ஒரு லாரி நின்றது. அட்டியில் பாதி மூட்டைகள் அதற்குள் ஏறிவிட்டிருந்தன. சிந்திக் கிடந்த நெல்லைக் கொத்த வந்த கோழிகளை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து இந்தச் சேவலு ஓயாம கூவுதுப்பா. அடிச்சுக் கொழம்பு வச்சாத்தான் அடங்கும்" என்று திட்டினார். அந்தச் சேவல் பாவம், வாயைத் திறக்காமல் நெல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போது மறுபடி கூவியது. லாரிக்குள்ளிருந்து.

"அய்யோ, அது எங்க வீட்டுக்காரரு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். எட்டுப் பேரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதல் நாள் எடை போடும்போது தரையில் கொஞ்சம் நெல் சிந்தியது. எல்லோரும் கோழிக்கு என்று விட்டுவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. என் அம்மா பிறத்தியார் வயலில் கதிர் பொறுக்கியவர். தரையில் நெல் கிடந்தால் எங்கள் கை சும்மா இருக்காது. ஒரு மணி விடாமல் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, கடைசி மூட்டையில் கொட்டினேன். அந்த மடியில்தான் போனும் இருந்தது. நான் கொட்டிய மூட்டையை என் கண் முன்னாலேயே தைத்தார்கள். நானும் நன்றாகத் தைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பட்டியல் எழுதும் எழுத்தர் குறுக்கே வந்தார். "தைச்ச மூட்டை அரசாங்கத்து மூட்டைம்மா. பிரிக்கக் கூடாது" என்றார். அழுதேன். காலையில் என்னிடம் திட்டு வாங்கியவர் லாரியில் ஏறினார். "சார், இவங்க வீட்டுக்காரரு கூப்புடுறாராம். கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு மூட்டைகளைக் கீழே இறக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாய் அடிக்க அடிக்க ஆளுக்கொரு மூட்டையில் காதை வைத்துப் படுத்தோம். கடைசியில் எழுத்தரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு மூட்டையில் காதை வைத்தார். சத்தம் வந்த பக்கத்திலிருந்து இறக்கிய இருபது மூட்டை ஐந்தாகக் குறைந்தது. ஐந்து மூன்றானது.

அதோடு சத்தம் நின்றுவிட்டது. மணி பன்னிரண்டே கால். பாய் தொழுகைக்குப் போய்விட்டார்.

மூன்று மூட்டைகளும் வாயைத் திறக்காமல் நின்றன. மூன்றையும் பிரிக்க எழுத்தர் விடமாட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். துபாயில் அவர் பூத்தில் நிற்கிறாரோ, நான் எடுக்கவில்லை என்று போய்விட்டாரோ என்று மூன்று மூட்டையிலும் மாறி மாறிக் காதை வைத்தேன்.

நடு மூட்டை கூவியது.

"இதான், இதான்!" எட்டுப் பேரும் கத்தினார்கள். நான் பழி சொன்ன அந்த மனிதர்தான் கோணி ஊசியால் தையலை இழுத்துப் பிரித்தார். முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். சத்தம் நின்றது. மறுபடி கூவியது. உமி ஒட்டிய போனை வெளியே எடுத்து, தன் துண்டில் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"என்னடி, லைனே கெடைக்கல? இவ்ளோ நேரம் யார்கிட்ட பேசுற?" என் கணவர்தான். "கார்டுல ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. பின்னாடி வரிசை நிக்குது. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

சுற்றிலும் எட்டுப் பேர், எழுத்தர், டிரைவர், கோழிகள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. "போடாதீங்க! வந்துடுங்க! மாடியும் வேணாம் ஒண்ணும் வேணாம், புள்ளைக்கு உங்க மூஞ்சி மறந்துபோச்சு, எனக்கு முடியல, வந்துடுங்க!" என்று அலறினேன். துபாய்க்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். அவர், "இத சொல்றதுக்கு மூணு வாரமாடி?" என்றார். குரல் உடைந்திருந்தது. கார்டு தீர்ந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் துண்டால் மூக்கைச் சிந்தினார். மூட்டையைப் பிரித்துக் கொடுத்தவர் முன்னால் போய், மன்னிச்சுக்குங்க என்று கும்பிட்டேன். "அது கெடக்குதுக்கா. மொதல்ல மூட்டையத் தைக்கணும், லாரி நிக்குது" என்றார். எழுத்தர் விடவில்லை. போனை எடுத்ததில் எடை குறைந்திருக்குமே, அந்த எடைக்கு நெல் போடுங்கள் என்றார். கோழியை விரட்டிவிட்டுத் தரையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டேன். இந்தத் தடவை மடியில் அள்ளவில்லை.

சித்திரையில் அவர் வந்துவிட்டார். மகள் முதல் இரண்டு நாள் அவர் பக்கத்தில் போகவில்லை, மூன்றாவது நாள் அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. மாடி இன்றுவரை எடுக்கவில்லை. போன் மட்டும் அன்றைக்குத் தொலையாமல் இருந்திருந்தால், மாமியார் பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டு, நான்காவது வாரமும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீர் என்கிறது.