வக்கீலான செவெல்மா

சுரங்கத் தொழிலாளர் கேன்டீனில் செவெல்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். நான் மாவு தேய்ப்பேன். அவள் ஆட்டிறைச்சி வைத்து பூஸ் கொழுக்கட்டை மடிப்பாள். ஒரு ஜூலை மாதம் இடது கையில் மாவுக்கட்டோடு வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பனிக்கட்டில வழுக்கிட்டேன்க்கா."

ஜூலையில் எங்கள் ஊரில் பனிக்கட்டி ஏது? ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாளாம். அவர்களும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார்களாம்.

அவள் புருஷன் தாஷ்னியாம் லாரி ஓட்டுபவன். வெளியே தங்கமான மனுஷன். எங்கள் வீட்டுக்கு நிலக்கரி மூட்டைகூட இறக்கித் தந்திருக்கிறான். அதனால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அந்தக் குளிர்காலத்தில் அவன் கொதிக்கும் தேநீர்ப் பாத்திரத்தை மகள் நோமின்மேல் வீசினான். குழந்தை மயிரிழையில் தப்பியது. அவளை இழுத்துக்கொண்டு செவெல்மா போலீசுக்குப் போனாள். அங்கிருந்தவர் ஒரு தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடும்மா. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

போட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். நகலை இருவரும் மூன்று தடவை வாசித்த பிறகுதான் புரிந்தது, புகாரை அவளே திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தது என்று. அவள் அழவில்லை.

"இதையெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியணும்க்கா," என்றாள்.

விவாகரத்துக்கு இரண்டு வருடம் ஆனது. முப்பத்தாறு வயதில் சட்டப் படிப்பில் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை வகுப்புக்காகத் தலைநகர் உலான்பாத்தருக்கு ரயிலேறுவாள். கேன்டீனில் கேலிக்குக் குறைவில்லை.

"வக்கீலம்மா, சூப்புல உப்பு சரியா இருக்கான்னு தீர்ப்பு சொல்லுங்க."

"தீர்ப்பு நீதிபதி சொல்வாரு. நான் வாதாடத்தான் முடியும். உப்பு ஜாஸ்தி."

ஒருநாள் வகுப்பில், அடிபட்ட பெண் ஒருத்தியின் வழக்கைப் பேசும்போது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், "அவ ஏன் முன்னாடியே அவனை விட்டுட்டுப் போகல?" என்று கேட்டானாம். செவெல்மா எழுந்து நின்றிருக்கிறாள்.

"அவன் நல்லா இருக்கற நாளும் வரும், தம்பி. அந்த நாளை நம்பித்தான்."

வக்கீல் தேர்வில் முதல் தடவை தோற்றாள். இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள் போய் அழுதுவிட்டு, வந்து பூஸ் மடித்தாள். மறுவருடம் தேறினாள்.

புருஷனிடம் அடிபட்டு அவளிடம் முதலில் வந்த பெண்ணுக்காக நான்கு நாள் அலைந்தாள். ஐந்தாம் நாள் அந்தப் பெண் புருஷனோடு போய்விட்டாள். எனக்குத்தான் ஆத்திரம்.

"இவ்ளோ பாடுபட்டியே, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே."

"நானும் நாலு தடவை திரும்பிப் போனேன்க்கா. உனக்குத் தெரியாது."

உண்மைதான், எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் பக்கத்தில் நின்றவள் நான்.

மார்ச்சில் அந்தப் பெண் இரண்டு குழந்தைகளோடு மறுபடி வந்தாள். போனதைப் பற்றி செவெல்மா ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளுடைய பழைய வழக்கு ஃபைலை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். பதினோராம் நாள், புருஷன் அவர்களை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டிலிருந்து பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது.